குற்றம் நோட்டுடையது

சென்ற ஆண்டு அறிவியல் கண்காட்சி பார்க்க வேலூருக்கு வேன் புறப்பட்டபோது, ஒரே இருக்கைக்கு எங்கள் வகுப்பில் இருவர் பையும் கையுமாக வந்து நின்றனர். நூலக மேசை மேல் ஒரு நோட்டு; அதில் ஆளுக்கொரு பக்கம். மற்றவர் பக்கங்களைப் பார்த்து, இடம் மீதியிருந்தால் தன் பக்கத்தில் "வருகிறேன்" என்று எழுத வேண்டும். இருவரும் பார்த்தனர், இடம் இருந்தது; இருவரும் எழுதினர். ஒருத்தி அழுதுகொண்டே வீடு திரும்பினாள். கவனமில்லாத பிள்ளைகள் என்று இருவருக்கும் திட்டு. பிறகு நோட்டை அலமாரியில் பூட்டிச் சாவியை வகுப்புத் தலைவியிடம் தந்தார்கள். அவளுக்கோ காய்ச்சல். மூன்று நாள் ஒருவரும் எழுத முடியவில்லை!

திட்டியது நியாயமன்று என்பது எங்கள் கருத்து. பழி நோட்டின் மேல்தான். இதைக் கணிப்பொறி அறிஞர்கள் கணக்காகவே நிறுவியிருக்கிறார்கள்.

கமலா, ரோசி என்ற இருவரை வைத்துக்கொள்வோம். நோட்டைக் கொண்டு இருவரும் ஒரே பெயரை முடிவு செய்ய வேண்டும். ஒருத்திக்காக மற்றவள் காத்திருக்கக் கூடாது. அவள் காய்ச்சலில் படுத்திருக்கலாம் அல்லவா? முடிவு உறுதியாவதற்கு முந்திய நொடியை எண்ணிப் பாருங்கள். கமலா முந்தினால் கமலா, ரோசி முந்தினால் ரோசி என்ற நிலை. கமலா செய்வது வாசிப்பதானால், அவள் வாசித்தது ரோசிக்குத் தெரியவே தெரியாது. இருவரும் வெவ்வேறு பக்கத்தில் எழுதினால், எது முந்தியது என்று நோட்டைப் பார்த்துச் சொல்ல இயலாது. ஒரே பக்கத்தில் எழுதினால், பிந்தியது முந்தியதை அழித்துவிடும். முந்தியவள் யார் என்ற தடயமே நோட்டில் தங்குவதில்லை. எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக விதி வகுத்தாலும் பயனில்லை.

செய்தி அனுப்பிப் பேசிக்கொள்ளும் கணிப்பொறிகளுக்கும் இதே தடை உண்டு என்று 1985-இல் ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் மூவரும் காட்டினர். இவர்களில் நான்சி லிஞ்ச் ஒரு பெண்மணி என்பதில் எங்களுக்குத் தனி மகிழ்ச்சி.

1991-இல் அமெரிக்க அறிஞர் மாரிஸ் ஹெர்லிஹி பொதுப் பொருள்களையே தரம் பிரித்தார். நோட்டின் தரம் 1. குறுகிய குழாயில் மேலே ஒரு மிட்டாயும் அதன் கீழே கற்களும் வைப்போம். முதலில் தன் பக்கத்தில் பெயரை எழுதிவிட்டுக் குழாயிலிருந்து ஒன்றை எடுக்க வேண்டும். கல் கிடைத்தவளுக்கு மற்றவள் முந்திவிட்டாள் என்று புரிந்துவிடும். ஆகவே குழாயின் தரம் 2. மூன்றாவதாக ஒருத்தி வந்தால் போச்சு! கல் கிடைத்தவளுக்கு, மிட்டாயை எடுத்தது மற்ற இருவரில் யாரென்று தெரியாது. எடுத்தவள் வீட்டுக்கே போயிருப்பாள். காலியாக இருந்தால் மட்டும் எழுத்தை ஏற்று, பின்பு அழிக்கவே விடாத ஒரு பலகை கிடைத்தால்? நூறு பேர் வந்தாலும் எல்லோரும் ஒரே பெயரையே சொல்வார்கள். பார்ப்பதையும் எழுதுவதையும் பிரிக்க முடியாத ஒரே செயலாகச் செய்யும் இத்தகைய கட்டளை, ஐ.பி.எம். நிறுவனத்தின் சிஸ்டம் 370 கணிப்பொறிகளில் 1970களிலேயே இருந்தது.

ரயில் ரிசர்வேஷனும் இதே கதைதான். முன்பெல்லாம் பேரேடு ஒரு கிளார்க்கின் கையில் இருக்கும். மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். 1986-இல் டில்லியில் கணிப்பொறிக் கவுண்டர்கள் வந்தன. 2002-இல் வீட்டிலிருந்தே டிக்கெட் எடுக்கும் வசதியும் வந்தது. இன்று ஏ.சி. பெட்டிகளுக்குத் தட்கால் திறக்கும் காலை 10 மணிக்கு, குடியாத்தத்திலும் கோயம்புத்தூரிலும் ஒரே பெர்த்துக்கு எத்தனை விரல்கள் பாய்கின்றன! பார்ப்பது ஒரு செயல், எழுதுவது வேறொரு செயல் என்று விட்டுவைத்தால், எங்கள் வேன் கதைதான் அங்கும் நடக்கும். அப்போது பயணிகளைக் கவனமில்லாதவர்கள் என்று திட்டுவோமா?

கணிப்பொறிப் பாடம் என்று தட்டச்சும் படம் வரைதலும் கற்கிறோம், அவையும் வேண்டியவையே. ஆனால் மேற்சொன்ன கணக்குக்கு மின்சாரம்கூட வேண்டாம். ஒரு நோட்டும் சில கற்களும் போதும். ஒரு பீரியடில் முடிந்துவிடும்.

இவ்வாண்டு நோட்டு வேண்டாமென்று சிஸ்டரிடம் கேட்டிருக்கிறோம். இருக்கை எண் எழுதிய சீட்டுகளை நூலகக் கதவருகே ஆணியில் மாட்டிவைப்போம். எடுத்தவளுக்கு அந்த இருக்கை. யார் எடுத்தாள் என்பது வேன் புறப்படும்வரை மற்றவர்களுக்குத் தெரியாது. அந்தக் குறை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரே சீட்டுடன் இருவர் வந்து நிற்க முடியாது.