பிடியரிசியும் மறைபணியும்

கொடுப்பவர் செல்வந்தர், பெறுபவர் ஏழை என்ற எண்ணம் அபிவிருத்திப் பணியிலும் மறைபரப்புப் பணியிலும் ஆழமாக வேரூன்றியுள்ளது. பணம் மேற்கிலிருந்து வரவேண்டும். திட்டம் தலைநகரிலிருந்து வரவேண்டும். கிராமம் வரிசையில் நின்று பெற்றுக்கொள்ள வேண்டும். இந்த ஒழுங்கை மாற்ற முடியாது என்று நம்மிற் பலர் முடிவு செய்துவிட்டோம். அந்த முடிவு சரியானதா என்பதை ஆராய விரும்புவோர், மிசோராம் மலைகளில் வாழும் பிரெஸ்பிற்றேரியன் சபை மக்களைச் சற்று உற்று நோக்குதல் நன்று. அவர்கள் நமது திருச்சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆயினும் நாம் கற்கவேண்டிய பாடத்தை நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமது அடுப்படியிலேயே நடத்தி வருகின்றனர்.

மலைநாடும் அதன் சபையும்

மிசோராம் இந்தியாவின் வடகிழக்கு மூலையில், பங்களாதேஷுக்கும் மியன்மாருக்கும் இடையே அமைந்த சிறிய மாநிலம். பரப்பளவில் இலங்கையின் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு. 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மக்கள் தொகை 10 இலட்சத்து 97 ஆயிரம். அவர்களுள் 87 வீதத்தினர் கிறிஸ்தவர்கள். மலைச்சரிவிற் காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் சேனைப் பயிர்ச்செய்கையே பரம்பரைத் தொழில். விளையும் நெல் மாநிலத்திற்குப் போதாமையால் வெளியிலிருந்தும் அரிசி தருவிக்கப்படுகிறது. மூங்கில் ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும்; அப்போது எலிகள் பெருகி வயலையும் களஞ்சியத்தையும் அழிக்கும். 1959இலும் 2007ஐ ஒட்டிய ஆண்டுகளிலும் இவ்வாறு நேர்ந்தது. ஆகவே அரிசியின் அருமையை அறியாத மக்கள் அல்லர் இவர்கள்.

1894இல் லொறேன், சவிட்ஜ் என்னும் இரு ஆங்கிலேய மிசனரிமார் இங்கு வந்து, மிசோ மொழிக்கு உரோம எழுத்தில் வரிவடிவம் அமைத்தனர். 1897இல் வேல்ஸ் நாட்டுப் பிரெஸ்பிற்றேரியன் சபையின் சார்பில் டேவிட் இவான் ஜோன்ஸ் வந்தார். பாடசாலைகள் எழுந்தன. 1928இல் தூர்த்லாங் என்னும் இடத்தில் மருத்துவமனை தொடங்கப்பட்டது. இவ்வளவும் நம் நாட்டு மிசன் வரலாற்றை ஒத்ததே. வேறுபாடு இதற்குப் பின்னரே தெரிகிறது.

ஒரு கைப்பிடி

1910ஆம் ஆண்டளவில் மிசோப் பெண்களிடையே ஒரு வழக்கம் தொடங்கியது. மிசோ மொழியில் அதற்குப் 'பூபாய்-தாம்' என்று பெயர். நம் மொழியிற் சொன்னால் பிடியரிசி. சோறு சமைக்க அரிசி அளக்கும் ஒவ்வொரு வேளையும் வீட்டுப் பெண் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து வேறொரு பாத்திரத்தில் இடுகிறாள். சபையின் பெண்கள் முறைவைத்து வீடு வீடாகச் சென்று அதனைச் சேர்க்கின்றனர். சேர்ந்த அரிசி விற்கப்பட்டு, பணம் மறைபணிக்கு வைக்கப்படுகிறது. அரிசி போதாத வீடும் இதனின்று தன்னை விலக்கிக்கொள்வதில்லை. கைப்பிடி சிறிதாகலாம், பாத்திரம் வெறுமையாவதில்லை.

இது சிறு காரியம் என்று எண்ணுவோர் கணக்கிட்டுப் பார்க்கட்டும். ஒரு பிடி 50 கிராம் எனக் கொள்வோம். நாளுக்கு இருவேளை என்றால் ஒரு வீட்டிலிருந்து ஆண்டுக்கு 36 கிலோவுக்கு மேல். நூறு குடும்பங்கள் உள்ள ஒரு பங்கில் ஏறத்தாழ மூன்றரை மெற்றிக் தொன். எந்த வீட்டிலும் எவரும் பசியோடு படுக்கவில்லை. ஆனால் ஓர் ஊழியரின் ஆண்டுச் செலவில் ஒரு பகுதி கிடைத்துவிட்டது. இதனுடன் வருமானத்தில் பத்திலொரு பங்கைக் காணிக்கையாக ஒதுக்கும் வழக்கமும் அங்கே வேரூன்றியுள்ளது. குருவானவரின் பராமரிப்பு, மறைபணி, ஊர்ச்சபையின் செலவு என அக்காணிக்கை வெவ்வேறு தலைப்புகளிற் பிரிக்கப்படுகிறது. எதற்குக் கொடுக்கிறோம் என்பது கொடுப்பவருக்குத் தெரியும்.

இந்த நிதியைக் கொண்டு சினொட்டின் மறைபணிச் சபை பல நூற்றுக்கணக்கான ஊழியர்களைப் பராமரிக்கிறது. மாநிலத்தின் மேற்கு எல்லையில் வாழும் பிற இனத்தவரிடையேயும், வடகிழக்கின் ஏனைய மலைகளிலும், இந்தியச் சமவெளியிலும் அவர்கள் பணிபுரிகின்றனர். தாய்வானுக்கும் பசுபிக் தீவுகளுக்கும் பணியாளர் சென்றுள்ளனர். 2006இல் ஒரு மிசோக் குருவானவர் வேல்ஸ் நாட்டுக்கே சென்றார். நூறு ஆண்டுகளுக்கு முன் மிசனரிகளை அனுப்பிய நாட்டில் ஆலயங்கள் வெறுமையாகி மூடப்பட்டு வந்த வேளையில், அன்று பெற்றவர்களின் பேரர் தாமே பணியாளராய்ப் போய்ச் சேர்ந்தனர்.

அனுப்பும் சபை, பெறும் சபை என்ற பாகுபாட்டைக் களைவதற்கு 1977இல் உலக மறைபணி மன்றம் என்ற அமைப்பு மாற்றியமைக்கப்பட்டது. பழைய இலண்டன் மிசனரிச் சங்கத்தின் வழிவந்த அவ்வமைப்பில் எல்லாச் சபைகளும் சம பங்காளர் ஆக்கப்பட்டன. காகிதத்திற் சமத்துவம் எழுதுவது எளிது. தன் அரிசியைக் கொண்டு ஆளை அனுப்பும் சபையே அந்த எழுத்துக்கு உயிர் கொடுக்கிறது.

யாருடைய பணி?

பிடியரிசியின் பெறுமதி அதன் நிறையில் இல்லை என்பதே என் கருத்து. கொடுத்தவர் கேள்வி கேட்பார். தன் கைப்பிடியால் அனுப்பப்பட்ட ஊழியர் எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார், சுகமாக இருக்கிறாரா என்று கிராமத்துப் பெண் கேட்பாள், அவருக்காகச் செபிப்பாள், பணி தவறினால் குறைகூறுவாள். பணி அவளுடையது ஆகிவிடுகிறது. வெளிநாட்டு நிதியில் நடக்கும் பணியை மக்கள் பார்வையாளராக நின்று பார்க்கின்றனர். கணக்கு நிதி கொடுத்த நிறுவனத்துக்குப் போகிறது; ஊருக்கு வருவதில்லை.

மிசோராமின் வரலாறு இதனை உறுதிப்படுத்துகிறது. 1959இன் பஞ்சத்தின் பின் எழுந்த மனக்கசப்பு 1966 மார்ச்சில் ஆயுதக் கிளர்ச்சியாக வெடித்தது. தலைநகர் அய்சோல் மீது இந்திய விமானப்படை குண்டு வீசியது. அடுத்த ஆண்டிலிருந்து கிராமங்கள் வெறுமையாக்கப்பட்டு, மக்கள் இராணுவக் காவலுடன் கூடிய தொகுப்புக் கிராமங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1968இல் கடைசி வேல்ஸ் மிசனரிமாரும் வெளியேற நேர்ந்தது. வெளியாரின் தோளில் நின்ற சபையாயின் அன்றே சாய்ந்திருக்கும். அது சாயவில்லை. 1986 யூன் 30இல் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தாகும்வரை நீடித்த அந்த இருபது ஆண்டுகளில், சபைகள் இரு தரப்பினருடனும் பேசிச் சமாதானத்துக்கு உழைத்தன. தன் சோற்றை உண்பவனுக்கே தன் வாயால் உண்மை பேசும் துணிவு வரும்.

மறைக்கக்கூடாத இரு கேள்விகள்

புகழ்ந்து முடித்துவிட்டால் இக்கட்டுரை அவர்களுக்கும் நமக்கும் பயன்படாது. இரு கேள்விகள் எஞ்சியுள்ளன.

முதலாவது, பெண்களைப் பற்றியது. அரிசி அளப்பவள் பெண், சேர்ப்பவள் பெண், சுமப்பவள் பெண். ஆனால் அந்தப் பணம் எங்கே போகவேண்டும் எனத் தீர்மானிக்கும் சபைகளில் நீண்ட காலமாக மூப்பர்களும் குருவானவர்களும் ஆண்களாகவே இருந்தனர். இதைச் சுட்டிக்காட்டக் கத்தோலிக்கக் குருவான எனக்கு அதிக உரிமை இல்லை என்பது தெரியும். நமது பங்குகளிலும் ஆலயத்தைக் கூட்டுபவர் பெண்கள். பங்குப் பேரவையில் முன்வரிசையில் இருப்பவர் யார்? கிராமத்தில் மாதர் சங்கம் சேமித்த பணத்தைக் கடனாக வழங்கும் முடிவை எடுப்பவர் யார்? கைப்பிடியைக் கேட்கிறவர்கள் குரலையும் கேட்டாக வேண்டும்.

இரண்டாவது கேள்வி கடினமானது. மிசோராமின் மேற்கில் புறூ என்னும் சிறுபான்மை இனத்தவர் வாழ்கின்றனர். அவர்கள் தமக்கென ஒரு சுயாட்சி மாவட்ட சபையைக் கோரினர். பெரும்பான்மை மிசோ அமைப்புகள் எதிர்த்தன. 1997இல் வன்செயல் மூண்டு, 30,000க்கும் மேற்பட்ட புறூ மக்கள் அயல் மாநிலமான திரிபுராவில் முகாம்களில் தஞ்சம் புகுந்தனர். பலர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கேயே கிடந்தனர். திரும்ப அழைக்கும் முயற்சிகள் பெரும் பலன் தரவில்லை. ஈற்றில் 2020 ஜனவரி 16இல் கைச்சாத்தான உடன்படிக்கை அவர்களைத் திரிபுராவிலேயே குடியமர்த்த வழிசெய்தது. மிசோச் சபைகள் இந்த மக்களிடையே நெடுங்காலம் பணிபுரிந்தவை. ஆயினும் அப்பணியால் அந்த இடப்பெயர்வைத் தடுக்க முடியவில்லை. கடல் கடந்து போன பிடியரிசி, மலை கடந்து ஓடிய அயலவனின் கலத்தை ஏன் எட்டவில்லை?

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2021 பெப்ரவரியில் மியன்மாரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதும் சின் இன மக்கள் பல்லாயிரக்கணக்கில் மிசோராமுக்கு ஓடிவந்தனர். எல்லையை மூடுமாறு மத்திய அரசு பணித்தபோதும் மிசோ மக்கள் கதவை மூடவில்லை. ஆலயங்களும் ஊர்ச் சங்கங்களும் இளைஞரும் உணவும் உடையும் சேர்த்துக் கொடுத்தனர். 2023இல் மணிப்பூரிலிருந்து ஓடிவந்தோரையும் ஏற்றுக்கொண்டனர். மகத்தான செயல். ஆனால் வந்தவர்கள் அனைவரும் பெரும்பாலும் அவர்களுடைய இரத்த உறவினர். புறூ மக்கள் அவ்வாறல்லர். உறவினனுக்கு அள்ளிக் கொடுக்கும் கை அயலவன் முன் ஏன் தயங்குகிறது என்பது மிசோ மக்களுக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டதைக் கண்ட நாட்டினர் நாம். நல்ல சமாரியனின் உவமையை நாம் ஆண்டுதோறும் வாசிக்கிறோம். அதில் காயப்பட்டவனுக்கு உதவியவன் உறவினன் அல்லன் என்பதே முழுப்பொருள்.

மிசோ மொழியிலும் இதற்கான ஒரு தடயம் உண்டு. மறைபணித் தளத்தைக் குறிக்க முன்னர் 'இருண்ட நாடு' எனப் பொருள்படும் சொல் வழங்கியது; பின்னர் 'புதிய நாடு' எனப் பொருள்படும் சொல் வழக்குக்கு வந்தது. இருண்ட நாட்டுக்குப் போகிறவன் தன்னிடமே விளக்கு உண்டென்று எண்ணிப் போகிறான். புதிய நாட்டுக்குப் போகிறவன் கற்றுக்கொள்ளவும் ஆயத்தமாகப் போவான். வெளிநாட்டு மறைபணிக்கும் நமது கிராம அபிவிருத்திப் பணிக்கும் இந்த ஒரு திருத்தம் போதுமானது.

நமது பாத்திரம்

பிடியரிசி நமக்குப் புதியதன்று. கோயில் மடங்களுக்கும் அன்னதானத்துக்கும் நமது தாய்மார் சேர்த்து வந்ததே. பிற நாட்டுப் பணியும் நமக்குப் புதியதன்று. கோவாவிலிருந்து 1687இல் எந்த அரசின் துணையுமின்றி இத்தீவுக்கு வந்த புனித யோசப் வாஸ், ஆசியனே ஆசியனுக்குப் பணிசெய்ய முடியும் எனக் காட்டினார். 1902இல் யாழ்ப்பாணம் வந்த வேதநாயகம் அசரியா, இங்குள்ள சீர்திருத்தச் சபைக் கிறிஸ்தவர்கள் தம் பணத்திலேயே தமிழகத்துக்கு ஊழியரை அனுப்புவதைக் கண்டார். ஊர் திரும்பி 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிசனரிச் சங்கத்தைத் தொடங்கினார். அன்று யாழ்ப்பாணம் பிறருக்கு வழிகாட்டியது.

பின்னர் என்ன ஆயிற்று? 2004இன் கடற்கோளுக்குப் பின்னும் 2009இல் போர் முடிந்த பின்னும் நிறுவனங்கள் வந்தன, நிதி வந்தது, சங்கங்கள் அமைக்கப்பட்டன. அவற்றுட் பல, நிதி நின்ற மாதமே கூட்டத்தையும் நிறுத்திக்கொண்டன. அதே கிராமங்களில் மரண உதவிச் சங்கம் மட்டும் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. அதற்கு வெளிநாட்டுப் பணமும் இல்லை. பயிற்சிப் பட்டறையும் இல்லை. ஒவ்வொரு வீடும் கொடுக்கிறது. ஒவ்வொரு வீடும் கேள்வி கேட்கிறது. அவ்வளவே.

ஏழைகள் தாமே கொடுத்துக்கொள்ளட்டும், அரசும் செல்வந்த நாடுகளும் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று எவரும் இதற்குப் பொருள் கொள்ளலாகாது. காணி, நீர், வைத்தியசாலை, பாடசாலை ஆகியவை மக்களின் உரிமைகள். அவற்றைப் பிடியரிசியால் ஈடுசெய்ய முடியாது; ஈடுசெய்யவும் கூடாது. ஆனால் உரிமை கேட்பதற்கும் ஒன்றுபட்ட மக்கள் வேண்டும். சிறிதாயினும் தன் கையால் கொடுத்துப் பழகிய மக்களே ஒன்றுபட்டு நிற்கின்றனர்.

எனவே ஒரு முன்மொழிவு. ஒவ்வொரு பங்கிலும், ஒவ்வொரு கிராமச் சங்கத்திலும் பிடியரிசிப் பாத்திரம் ஒன்று தொடங்குவோம். இரு நிபந்தனைகள் போதும். முதலாவது, அதனைச் சேர்க்கும் பெண்களே அதன் செலவையும் தீர்மானிக்க வேண்டும். இரண்டாவது, சேர்வதிற் பாதியாவது நமது பங்குக்கும் இனத்துக்கும் மதத்துக்கும் அப்பாற்பட்டவர்களுக்குச் செல்லவேண்டும். மலைநாட்டில் லயத்து அறையில் வாழும் குடும்பமாகலாம். அயற் கிராமத்துச் சிங்கள விவசாயியாகலாம். திரும்பி வந்து இன்னும் கூரை போடாத முஸ்லிம் வீடாகலாம். முதல் நிபந்தனைக்குப் பங்குகள் இணங்கிவிடும். இரண்டாவதைப் பற்றி நாம் எவ்வளவு நேரம் விவாதிப்போம் என்பதே, நமக்கு மறைபணி இன்னும் எவ்வளவு தேவை என்பதைக் காட்டிவிடும்.