விடியும் முன் நின்றுவிடும் கூத்து

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமமொன்றில் 2010ஆம் ஆண்டு ஒரு வடமோடிக் கூத்து அரங்கேறியது. அன்றிரவு நானும் அங்கிருந்தேன். மண்முனைத் துறையில் அப்போது பாலம் இல்லை. அது 2014இல்தான் வந்தது. 'பாதை' என்று எம்மவர் அழைக்கும் மிதவையில் வாவியைக் கடந்துபோய், வட்டக்களரியைச் சுற்றிப் பாய் விரித்திருந்த சனத்தோடு சனமாக விடியும்வரை இருந்தேன். கூத்தைப் பழக்கி ஆடவைத்த அண்ணாவியார் இன்று உயிருடன் இல்லை. அந்த இரவின் ஒளிப்பதிவு மட்டும் இரண்டு டிவிடி இறுவட்டுகளில் இருக்கிறது.

சென்ற மாதம் அவருடைய மகள் இரண்டாம் வட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஐயா, தொடக்கமெல்லாம் நல்லா ஓடுது. விடியிற நேரத்துக் கூத்து வரக்குள்ளதான் துள்ளுது. மறுகா அப்படியே நிண்டுருது. அப்பாட பாட்டு அதுக்குப் பிறகுதான்."

"கடையில காட்டினீங்களா, பிள்ள?"

"பிளேயர் பழசாம். புதுசு வாங்கட்டாம்."

புதிது வாங்கியும் ஆயிற்று. புதியதிலும் வட்டு அதே இடத்தில்தான் நின்றது.

இந்தத் தொழில்நுட்பத்தில் நான் நிபுணன் அல்லன். ஆயினும் செய்தியாளன் என்ற வகையில் ஒன்றைக் கேட்டறியும் பழக்கம் உண்டு. கேட்டும் படித்தும் நானே செய்து பார்த்தும் அறிந்ததைக் கொண்டு சொல்கிறேன்: துள்ளுகின்ற வட்டை ஓடவைக்க முயல்வதே நாம் செய்யும் முதற்பிழை. முதலில் அதனைப் பிரதி எடுக்க வேண்டும். காரணத்தை ஆராய்வது அதற்குப் பிறகுதான்.

காரணங்கள் விளங்காத புதிர்கள் அல்ல. டிவிடி வட்டு நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பதியப்படுவது. ஒரு வட்டின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட். தரமாகப் பதிவதென்றால் அதில் இரண்டு மணி நேரம் அளவாகப் பொருந்தும். நம்மூர்க் கூத்தோ எட்டு மணி நேரம். நான்கு மணி நேரத்தை ஒரு வட்டில் திணித்தால் படம் மங்கும். அத்தோடு விளிம்பின் கடைசி மில்லிமீற்றர் வரையும் எழுத வேண்டிவரும். வட்டின் மிகப் பலவீனமான பகுதி அந்த விளிம்புதான். வட்டு சற்று வளைந்திருந்தால் தளம்பல் அங்கேதான் அதிகம். கைரேகை முதலிற் படுவதும் அங்கே. வேகமாக எழுதும்போது எழுதி அதன் உச்ச வேகத்தை எட்டுவதும் பெரும்பாலும் அங்கேதான். டிவிடி என்பது இரண்டு மெல்லிய பிளாஸ்ரிக் தகடுகளை ஒட்டிச் செய்தது. ஈரம் உட்புகத் தொடங்கும் வழியும் அந்த ஓரமே. ஆகவே கூத்தின் கட்டியகாரன் வரவு பழுதின்றி ஓடுவதும், விடியற்காலைக் காட்சிகள் துள்ளுவதும் தற்செயல் அல்ல. நமது கலையின் உச்சம் எந்நேரத்தில் நிகழ்கிறதோ, அந்நேரம் வட்டின் மிக மோசமான இடத்தில் போய் விழுகிறது.

இந்த வட்டு வேறொன்றையும் கண்டிருக்கிறது. 2011 சனவரிப் பெருவெள்ளத்தில் அந்த வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அலுமாரியின் மேற்தட்டில் இருந்ததால் நனையவில்லை. ஆனால் வாரக்கணக்கில் ஈரத்திற் கிடந்தது. வாவியோரத்து உப்புக் காற்று ஆண்டு முழுவதும் அடிப்பது தனிக்கதை. வீட்டில் எழுதும் வட்டுகளில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப்படலம். கடையில் விற்கும் திரைப்பட வட்டுகளைப் போல அதில் அச்சிட்ட குழிகள் இல்லை. வெயிலும் வெப்பமும் ஈரமும் அச்சாயத்தை மெல்ல மெல்லக் கெடுக்கும். எழுதிய வட்டு திருப்பி அனுப்பும் ஒளியும் குறைவு. எனவே திரைப்பட வட்டை நன்றாக ஓட்டும் பழைய பிளேயர் கூட வீட்டு வட்டில் தடுமாறக்கூடும். கடைக்காரர் சொன்னதில் அவ்வளவு உண்மை உண்டு. ஆனால் அவர் ஒரு கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்: ஒவ்வொரு முறையும் ஒரே இடத்திலா நிற்கிறது? ஒரே இடமென்றால் சந்தேகிக்க வேண்டியது வட்டை. இடம் மாறி மாறி நின்றால் பிளேயரின் வில்லையைச் சந்தேகிக்கலாம். ஒரே மூலத்திலிருந்து எழுதிய எல்லாப் பிரதிகளும் ஒரே இடத்தில் துள்ளினால் பிழை அந்த மூலத்திலேயே இருக்கிறது, துடைத்துப் பயனில்லை.

துடைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாரத்துத் தலைப்பால் வட்டமாகத் தேய்ப்பது நமது தேசிய வழக்கம். அப்படித் தேய்க்கையில் விழும் கீறல் தகவல் ஓடும் திசையிலேயே நீளமாக விழுகிறது. வட்டிலுள்ள பிழைதிருத்த ஏற்பாடு சிறு குறுக்குக் கீறலைச் சமாளிக்கும், நீளமானதைச் சமாளிக்காது. மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளிநோக்கி நேராகத் துடைக்க வேண்டும். பற்பசை பூசச் சொல்பவர்களிடம் வட்டைக் கொடுக்காதீர்கள். விசிடி, சிடி வட்டுகளில் இன்னும் கவனம் தேவை: அவற்றில் தகவல் இருப்பது பெயர் எழுதும் மேற்பக்கத்துக்கு மிக அருகில். மேலே விழும் கீறல்தான் அங்கே உயிரை எடுக்கும். மணமக்களின் படம் அச்சிட்ட தாள் ஒட்டிகளையும் அக்காலத்தில் அழகென்று நினைத்தோம். அந்த ஒட்டி வட்டின் சமநிலையைக் கெடுத்துச் சுழலும்போது அதிரவைக்கும். இப்போது அதனை உரிக்கவும் கூடாது. உரித்தால் சிடியில் படலமும் சேர்ந்து வந்துவிடும்.

சரி, மூலநாடா எங்கே என்று நீங்கள் கேட்கலாம். ஒளிப்பதிவாளர் மினி டிவி நாடாக்களிற்தான் எடுத்தார். ஒரு நாடா ஒரு மணி நேரம். அடுத்த வாரம் அதே நாடாக்களில் யாரோ ஒருவருடைய திருமணம் பதிவாயிற்று. அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை; நாடாவின் விலை அப்படி. ஆக, மூலம் என்று எஞ்சியது நான்கு சோடி வட்டுகளே. அவற்றுள் ஒரு சோடி சுவிற்சர்லாந்துக்குப் போனது, அண்ணாவியாரின் மருமகனுக்கு.

அந்த இரண்டாம் பிரதிதான் கூத்தைக் காப்பாற்றியது.

ஒரு வட்டை வழமைபோலக் கணினியில் பிரதி செய்தால் முதல் பழுதிலேயே கணினி கைவிட்டுவிடும். டிடிரெஸ்கியூ என்றொரு இலவச மென்பொருள் உண்டு. அது வாசிக்க முடிந்ததையெல்லாம் முதலில் எடுத்துக்கொண்டு, முடியாத இடங்களைக் குறித்துவைத்து, மீண்டும் மீண்டும் அவற்றிடம் போய்க் கேட்கும். அதன் பெருமை வேறோரிடத்தில் இருக்கிறது. ஒரே கோப்பிலிருந்து எழுதிய இன்னொரு வட்டைக் கொடுத்தால், முதல் வட்டில் விடுபட்ட இடங்களை மட்டும் இரண்டாவதிலிருந்து எடுத்து நிரப்பும். இங்குள்ள வட்டில் பழுதான இடமும் சூரிச்சில் உள்ளதில் பழுதான இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லையே! கடை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொகுத்து எழுதியிருந்தால் இந்த வழி உதவாது. அப்போது இரண்டு படங்களையும் வெட்டி ஒட்டத்தான் வேண்டும். எங்கள் நல்லகாலம், இரண்டும் ஒரே கோப்பு. மருமகன் தன் வட்டைத் தபாலில் அனுப்பிவைத்தார். இரண்டு வெவ்வேறு வாசிப்பான்களில் மாற்றி மாற்றிப் போட்டு, இரண்டு இரவுகள் ஓடவிட்டோம். முக்கால் மணி நேரக் காட்சியில் ஏறத்தாழ 40 விநாடிகள் மட்டும் கிடைக்கவில்லை. அண்ணாவியார் மத்தளத்தை அணைத்தபடி பாடிய வாழி முழுமையாக இருக்கிறது.

இனி எனது முறைப்பாடு. நாங்கள் விழாவெடுக்கத் தயங்காத சமூகம். மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் பொன்னாடைக்கும் பணம் சேர்ந்துவிடுகிறது. அந்த விழாவின் பதிவைப் பாதுகாக்க ஒரு வன்தட்டு வாங்கிய விழாக் குழுவை நான் இதுவரை கண்டதில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியில்தான் இருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஏடுகளுக்கும் இதழ்களுக்கும் அப்பால் ஒலி, ஒளிப் பதிவுகளையும் எண்ணிமப்படுத்திச் சேர்க்கிறது. கிராமத்து அலுமாரியிலிருந்து அங்கு வட்டைக் கொண்டுசேர்க்கும் இடைவழிதான் இல்லை. ஒரு பிரதேச நூலகத்தில் ஒரு கணினி, இரண்டு வாசிப்பான்கள், பொறுமையுள்ள ஒரு பிள்ளை இருந்தாற் போதும். வாசிப்பான் இல்லாமலே இப்போது மடிக்கணினிகள் வருகின்றன. தனியாக யுஎஸ்பியில் பொருத்துபவை இன்னும் கடைகளில் கிடைக்கின்றன. என்றைக்கும் கிடைக்கும் என்று யாரும் எழுதித்தரவில்லை.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாவலடியை அள்ளிச்சென்ற பின்னர், முன்பு வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்த படங்களைத் திருப்பிக் கேட்டு வாங்கிய குடும்பங்களை நான் அறிவேன். இறந்த பிள்ளையின் முகம் அந்தப் பிரதியில் மட்டுமே இருந்தது. எனவே ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் இதனை வாசிப்போரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அலுமாரியில் ஊரிலிருந்து வந்த சாமத்தியச் சடங்கு, திருமணம், கோயிற் சடங்கு, கூத்து என்று ஏதேனும் வட்டு இருக்கும். உங்கள் பிளேயரில் அது ஓடவில்லை என்பதற்காக எறிந்துவிடாதீர்கள். கனடாவில் ஓடாமற் போனதற்கு நம்மூர் பால் முறைக்கும் அங்குள்ள என்ரிஎஸ்சி முறைக்கும் உள்ள வேறுபாடே காரணமாகவும் இருக்கலாம். கணினியில் போட்டுப் பாருங்கள். ஓடினால் முழு வட்டையும் ஒரே கோப்பாகப் பிரதி எடுத்து, ஊர், நிகழ்வு, ஆண்டு ஆகியவற்றைக் கோப்பின் பெயராக இடுங்கள். பிறகு ஊரில் அதே வட்டை வைத்திருப்பவர் யாரென்று தொலைபேசியில் கேளுங்கள்.

அண்ணாவியாரின் மகளுக்கு முதலாம் வட்டையும் பிரதி எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அதில் பழுதில்லை என்றுதான் அவர் சொல்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவார்.