நிழலுக்கும் அதன் உரிமையைக் கொடுங்கள்



கறுப்பு வெள்ளைப் புகைப்படம் என்றதும் நம்மில் பலர் இரண்டே நிறங்களை எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அதன் உயிர் கறுப்பிலும் இல்லை, வெள்ளையிலும் இல்லை. இரண்டிற்கும் இடையே அடுக்கடுக்காக நிற்கும் சாம்பல் படிகளில்தான் இருக்கிறது. அப்படிகளை நடுவில் விழுங்கிவிட்டால் படம் பார்வைக்கு மிடுக்காக இருக்கும். ஆனால் அது சொல்ல வேண்டியதில் பாதியைச் சொல்லாது.

நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி அது. நண்பகலில் அதன் கரையில் நின்று பாருங்கள். நீர்ப்பரப்பு கண்ணாடியாய்ப் பளபளக்கிறது. கரையோரப் படகின் உட்புறமோ மையிருட்டு. நம் கண் இரண்டையும் பார்த்துக்கொள்ளும். கேமராவுக்கு அந்தத் திறன் இல்லை. அதன் ஒளிமானி பளபளப்பைக் கண்டு ஏமாந்து ஒளியைக் குறைத்துவிடும். படகும் அதிலிருக்கும் வலையும் மனிதரும் ஒரே கரிய திட்டாகிவிடுவர்.

பிலிமில் படம் எடுப்போர் மனத்தில் இருத்த வேண்டிய விதி ஒன்றுண்டு: ஒளியை நிழலுக்காக அளந்து கொடு, கழுவும் நேரத்தை வெளிச்சத்துக்காக அளந்து வை. காரணம் எளியது. நிழற்பகுதியிலிருந்து போதிய ஒளி வராவிட்டால் நெகட்டிவில் அங்கே வெள்ளித் துகள்கள் படிவதில்லை. இல்லாததை எந்த இருட்டறை வித்தையாலும் பிறகு வரவழைக்க இயலாது. வெளிச்சப் பகுதியின் அடர்த்தியையோ, கழுவும் நேரத்தைச் சற்றுக் குறைத்துக் கட்டுக்குள் வைக்கலாம்.

அமெரிக்காவின் ஆன்ஸல் ஆடம்ஸும் பிரெட் ஆர்ச்சரும் 1940ஆம் ஆண்டையொட்டி இதனை ஓர் ஒழுங்கான முறையாக வகுத்தனர். முழுக் கறுப்பு முதல் முழு வெள்ளை வரை பதினொரு படிகள். நடுப்படி ஐந்தாவது. விவரம் தெரிய வேண்டிய நிழல் மூன்றாம் படியில் அமைய வேண்டும். நடைமுறையில் செய்ய வேண்டியது இதுதான்: ஒளிமானியை நிழலருகே கொண்டுசென்று அளவு எடுங்கள். அது 5.6 துவாரத்தைக் காட்டினால், இரண்டு படி குறைத்து 11 வைத்து எடுங்கள். நிழல் நிழலாகவே இருக்கும். அதனுள் இருப்பதும் தெரியும்.

டிஜிட்டல் கேமராவிலும் கைப்பேசியிலும் முறை தலைகீழ். அவற்றில் அளவு மீறி வெளுத்த இடமே மீட்க முடியாதது. ஆகவே வெளிச்சத்தைக் காத்து எடுத்து, நிழலைப் பின்னர் அளவோடு உயர்த்த வேண்டும். மிகையாக உயர்த்தினால் புள்ளிபுள்ளியாகக் குறை தெரியும்.

இந்தச் சிக்கல் இன்று நேற்று தோன்றியதன்று. 1857, 58ஆம் ஆண்டுகளில் மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி ஆகிய ஊர்களைப் படமெடுத்த லின்னேயஸ் ட்ரைப் என்ற சென்னை அரசாங்கப் புகைப்படக்காரரும் இதனோடு போராடியவரே. அக்கால ரசாயனப் பூச்சு நீல ஒளியைப் பெரிதும் ஏற்றதால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். அவர் தம் நெகட்டிவ்களில் மேகங்களைக் கையால் தீட்டிச் சேர்த்ததுண்டு. அதே காலத்தில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒன்று, வானுக்கு ஒன்று என இரு நெகட்டிவ்களை இணைத்து அச்சிட்டார். இன்று நமக்கு ஒரு மஞ்சள் அல்லது ஆரஞ்சு வடிகண்ணாடி போதும். நீல வானம் சற்று இருண்டு மேகங்கள் எழுந்து நிற்கும். சிவப்பு வடிகண்ணாடி வானத்தைக் கறுப்பாக்கிப் பகட்டுக் காட்டும். ஆனால் நீல வானொளியால் மட்டுமே விளங்கும் நிழல்களையும் சேர்த்து விழுங்கிவிடும்.

இவ்வளவும் வெறும் அழகுக்காகவா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. பழவேற்காட்டு முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோவது அங்குள்ள மீனவரின் நெடுநாள் கவலை. ஈரமணல் எங்கே முடிகிறது, ஆழமற்ற நீர் எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டுவது இரண்டு மெல்லிய சாம்பல் படிகளின் வேறுபாடே. மிகையான கான்ட்ராஸ்ட் அவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், அந்தப் படம் சாட்சி சொல்லத் தகுதியற்றதாகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தை எடுப்பவரும் இதனை எண்ண வேண்டும். வெண்புகையும் கரிய புகைபோக்கியும் கண்ணைப் பறிக்கும். ஆனால் அதன் நிழலில் ஒரு குடிசை இருந்தால், அதைக் கறுப்பாக்கி மறைத்த படம் அங்கே எவரும் வாழவில்லை என்று சொன்னதாகாதா?

அதற்காக எல்லா நிழலையும் வெளிச்சமாக்கிவிடுவதும் நேர்மையன்று. எங்கோ ஓரிடத்தில் முழுக் கறுப்பும், எங்கோ ஒரு சிறு முழு வெள்ளையும் இல்லாத படம் சாம்பல் பூத்துச் சோர்ந்து கிடக்கும். பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தில், கல்லில் செதுக்கிய எழுத்துகளைப் படிக்க வைப்பது பக்கவாட்டில் விழும் சிறு நிழல்தான். நிழலை ஒழித்தால் எழுத்தும் ஒழியும்.

ஒளி சிறு துளை வழியே இருண்ட அறைக்குள் நுழைவதை ஆராய்ந்து, பதினோராம் நூற்றாண்டிலேயே ‘கிதாபுல் மனாழிர்’ எழுதிய இப்னுல் ஹைதம் அவர்களின் வாரிசுகள் நாம். நிழலின் நீளத்தைக் கொண்டு அஸர் நேரத்தை அறிந்தவர்கள் நாம். அந்த அஸருக்குப் பிறகு வரும் சாய்ந்த வெயிலே படமெடுக்க உகந்தது. அப்போது ஒளியும் நிழலும் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. உங்கள் பிள்ளைகள் கைப்பேசியைத் தூக்கும்போது ஒரு சொல் சொல்லி வையுங்கள்: முதலில் நிழலுக்குள் யார் இருக்கிறார் என்று பார், பிறகு பொத்தானை அழுத்து.