குழந்தைக்கு முடி இறக்கப் போகிறீர்களா?

சகோதரிகளே, குழந்தைக்கு முதல் மொட்டை என்றால் வீட்டில் எத்தனை ஏற்பாடுகள்! தாய்மாமனுக்குச் சொல்லியாயிற்றா, காது குத்தத் தோடு தயாரா, அரைத்த சந்தனம் எடுத்து வைத்தாயிற்றா என்று ஒன்றுக்குப் பத்துத் தடவை விசாரிக்கிறோம். ஆனால், குழந்தையின் தலையைத் தொடப் போகும் பிளேடைப் பற்றி மட்டும் ஒருவரும் விசாரிப்பதில்லை.

சென்ற மாதம் என் தமக்கையின் குழந்தைக்காகத் திருத்தணிக்குப் போயிருந்தேன். வருஷத்தின் நாட்களைப் போல 365 படிகள் கொண்ட மலை. 1960-ல் ஆந்திராவிலிருந்து தமிழகத்துடன் சேர்ந்த ஊராதலால், ஒருவர் தமிழில் வேண்டிக்கொண்டால், பக்கத்தில் நிற்பவர் தெலுங்கில் வேண்டிக்கொள்கிறார். எங்களுக்கு முன்னால் ஓர் இளம் தாய், கையில் ஒரு வயதுக் குழந்தையுடன் உட்கார்ந்திருந்தாள். அவள் தயங்கித் தயங்கி, "அத்தை, பிளேடு புதுசான்னு கேட்கட்டுமா?" என்றாள்.

"சாமி காரியத்திலே இதெல்லாமா கேட்பாங்க? சும்மா இரும்மா!" என்றார் மாமியார்.

முடி இறக்கும் பெரியவர் காதில் அது விழுந்துவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. காகிதம் பிரிக்காத பிளேடு ஒன்றை எடுத்து அவளிடம் காட்டி, உறையோடு இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைப் பிடியில் பொருத்தினார். "கேளும்மா, கேட்டாத்தான் எனக்கும் நிம்மதி. என் விரலும்தானே தினம் அறுபடுது?" என்றார்.

எவ்வளவு சரியான வார்த்தை! பழைய சவரக்கத்தி சாணை பிடித்து, தோல் வாரில் தீட்டி, வருஷக்கணக்கில் உழைத்தது. ஒரே கத்தி ஊரிலுள்ள தலைகளுக்கெல்லாம் போயிற்று. 1903-ல் அமெரிக்காவில் ஜில்லெட் என்பவர், தேய்ந்ததும் தூக்கி எறியும் பிளேடை விற்க ஆரம்பித்தார். அந்தப் பிளேடுதான் இன்று நாவிதரின் பிடிக்குள் பாதியாக உட்கார்ந்திருக்கிறது. ஆளுக்கொரு பாதி என்றால்தான் அதனால் பயன். ஒரே பாதியால் நாலு தலை வழித்தால், பழைய கத்திக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை.

கண்ணுக்குத் தெரியாத சிறு கீறலில் கசியும் ரத்தம் போதும், ஹெபடைடிஸ் பி, சி என்ற ஈரல் நோய்க் கிருமிகள் பரவ. 'பி' கிருமி, காய்ந்த ரத்தத்தில் குறைந்தது ஏழு நாட்களாவது உயிரோடிருக்கும். வெந்நீரில் ஒரு முக்கு முக்கினாலோ, டெட்டால் தெளித்தாலோ அது போய்விடாது. 'பி'க்குத் தடுப்பூசி உண்டு. குழந்தையின் தடுப்பூசி அட்டையைப் புறப்படுமுன் எடுத்துப் பாருங்கள். 'சி'க்குத் தடுப்பூசியே கிடையாது.

ஆகவே, பூஜைச் சாமான்களோடு பிரிக்காத பிளேடு இரண்டும் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் கண் முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். பிளேடு செருகும் பிடியையும் துடைக்கச் சொல்லுங்கள். ரத்தம் தங்குவது அந்த இடுக்கில்தான். தலை நனைக்கச் சுத்தமான தண்ணீர் கேளுங்கள். முடி நீளமாக இருந்தால் முதலில் கத்தரிக்கோலால் குறைத்து, நன்றாக ஊற வைத்த பிறகு வழித்தால் பிளேடு இழுக்காது. ஒன்றரை வயது வரை பல குழந்தைகளுக்கு உச்சிக்குழி மூடியிருக்காது. அங்கே அழுத்தாமல் வழிக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கீறல் பட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். அந்த இடத்தில் மட்டும் சந்தனம் வேண்டாம். பழைய பிளேடு பட்டுக் கீறியது என்று தெரிந்தால், அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

வீட்டிலும் இதே சட்டம்தான். அப்பாவின் ரேசரைப் பிள்ளை எடுக்கக் கூடாது. முடி வெட்டும் மெஷின் வாங்கியிருந்தால், ஒவ்வொரு தடவையும் பல்லில் சிக்கிய முடியைப் பிரஷ்ஷால் தட்டி, ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விடுங்கள், பல் மழுங்காது. படர்தாமரை உள்ளவருக்கு உபயோகித்த மெஷினை மற்றவர் தலையில் வைக்காதீர்கள். தேய்ந்த பிளேடைக் கெட்டிக் காகிதத்தில் சுற்றிப் போடுங்கள்; குப்பை அள்ளுகிறவரும் ஒரு தாயின் பிள்ளைதானே?

இன்னொன்று. மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்று பாட்டி சொல்வார். முடியின் வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது. கத்தி அதைத் தொடுவதே இல்லை. எனவே மொட்டை அடிப்பது வேண்டுதலுக்காகத்தான், கூந்தலுக்காக அல்ல. குழந்தைக்கு ஜுரமாக இருந்தால், பத்து நாள் தள்ளிப் போடுவதில் தவறில்லை. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

தமிழ்நாட்டுக் கோயில்களில் 2021 முதல் முடி காணிக்கைக்குக் கட்டணம் கிடையாது. "பிளேடு புதுசுதானே, பெரியவரே?" என்று மரியாதையாகக் கேட்பதற்கும் காசு செலவில்லை. அந்த இளம் தாய் கேட்கத் தயங்கினாள். நீங்கள் தயங்காதீர்கள்!