கூண்டுக்கு வெளியே ஒரு பணி

ஐதராபாத் நேரு விலங்கியல் பூங்கா 1963ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. மீர் ஆலம் ஏரியை ஒட்டி 380 ஏக்கரில் விரிந்து கிடக்கும் அப்பூங்காவிற்கு விடுமுறை நாள்களில் வரும் குடும்பங்கள் புலி எங்கே, சிங்கம் எங்கே என்று கேட்டுக்கொண்டே நடக்கின்றன. சருகுமானைக் கேட்டு வருவோர் மிகச் சிலர். மூன்று கிலோ அளவே எடையுள்ள, கொம்பில்லாத, இருளில் நடமாடும் அச்சிறு விலங்கு கண்ணில் பட்டாலும், "மான்குட்டி போலும்" என்று சொல்லிக் கடந்துவிடுவர்.

அவ்வாறு அவர்கள் கடந்து செல்வது ஒரு வியத்தகு வரலாற்றை. 2010ஆம் ஆண்டு ஆறே சருகுமான்களைக் கொண்டு ஓர் இனப்பெருக்கத் திட்டம் இப்பூங்காவில் தொடங்கப்பட்டது. நகரிலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் 'லாகோன்ஸ்' ஆய்வகம் அதில் துணைநின்றது. ஆறு, நூறுகளாகப் பெருகின. பூங்காவில் பிறந்தவற்றுள் சில, நல்லமலைப் பகுதியிலுள்ள அம்ராபாத் புலிகள் காப்பகக் காட்டில் விடப்பட்டன. கூண்டில் பிறந்த விலங்கு காட்டுக்குப் போவது எளிதில் நடப்பதன்று. ஆயினும் இதனைப் பார்வையாளருக்கு எடுத்துரைப்பவர் யார்? அறிவிப்புப் பலகை உரைக்கலாம். ஆனால் படிப்பவருக்குப் புரிந்ததா என்று பலகை திரும்பிக் கேட்பதில்லை.

இயற்கைக் கல்வி மையங்களிலும் விலங்கியல் பூங்காக்களிலும் மாணவர் மேற்கொள்ளும் 'இன்டர்ன்ஷிப்' என்னும் பயிற்சிப்பணியின் தேவை இங்கேதான் விளங்குகிறது. இப்பணியை நாடும் இளையோர் பலர் புலிக்குட்டிக்குப் பாலூட்டலாம், மலைப்பாம்பைத் தோளில் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்னும் கனவோடு வருகின்றனர். பார்வையாளரிடம் பேசும் வேலை தரப்பட்டால் முகம் வாடுகின்றனர். அவ்வாட்டம் வேண்டாதது. விலங்கைப் பேணக் கைதேர்ந்த பணியாளர்கள் உளர். உறங்கும் முதலையின்மேல் எறியக் கல்லெடுக்கும் பத்து வயதுச் சிறுவனிடம், அடட்டாமல், முதலை ஏன் அசையாமல் கிடக்கிறது என்று விளக்கத்தான் ஆள் இல்லை.

விளக்குவதற்கு அறிவு மட்டும் போதாது. கேட்பவரின் மொழியும் வேண்டும். பாம்பை எடுத்துக்கொள்வோம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று 2020இல் வெளிவந்த ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. மறுபுறம், நஞ்சே இல்லாத, எலிகளைத் தின்று உதவும் சாரைப்பாம்பு கண்டவுடன் அடித்துக் கொல்லப்படுகிறது. ஐதராபாத்தில் பாம்பு நண்பர்கள் சங்கத்தின் தன்னார்வலர்கள் வீடுகளுக்குள் புகுந்த பாம்புகளைப் பிடித்து மீண்டும் காட்டில் விடுகின்றனர். மக்களுக்கு எடுத்தும் சொல்கின்றனர். அவ்வாறு சொல்லும்போது ஆங்கிலப் பெயரால் என்ன பயன்? கண்ணாடி விரியனைத் தெலுங்கர் 'ரக்தபிஞ்ஜர' என்பர். கட்டுவிரியன் அவர்களுக்குக் 'கட்லபாமு', சாரை 'ஜெர்ரிபோத்து'. நல்லபாம்பு என்பதைத் தமிழ்ப்பிள்ளை ஒருவர் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'மஞ்சி பாமு' என்றால், நல்லதுதானே என்று கேட்பவர் அருகில் போனாலும் போய்விடுவார்! அதன் தெலுங்குப் பெயர் 'நாகுபாமு'. இதைப் பள்ளிப் பாடநூல் கற்பிப்பதில்லை. தெருவில் விளையாடிய பிள்ளைக்குத் தெரியும்.

தமிழ்நாட்டில் இதற்கு நல்லதொரு சான்று உண்டு. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1976இல் தொடங்கப்பட்ட சென்னை முதலைப் பண்ணையின் வளாகத்தில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் பார்வையாளர் முன்னிலையிலேயே பாம்பின் நஞ்சை எடுக்கின்றனர். பாம்புக்கடிக்கான மருந்து அந்நஞ்சிலிருந்தே உருவாகிறது. காண்போரின் அச்சம் அங்கே மதிப்பாக மாறுகிறது. இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவர்களுடைய அறிவு காட்டிலும் வயலிலும் தலைமுறை தலைமுறையாகப் பெற்றது.

இத்தகைய பயிற்சியால் வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பது இயல்பே. உடனே கிடைக்கும் என்று உறுதி கூற இயலாது. சான்றிதழ் ஒன்றைக் காட்டி, பிள்ளைகளைச் சீட்டுக் கிழிக்கவும் குப்பை பொறுக்கவும் மட்டுமே ஏவும் இடங்களும் இல்லாமல் இல்லை. அவற்றைத் தவிர்ப்பதே நன்று. அறிந்த ஒருவர் உடனிருந்து, தவறாகச் சொன்னால் திருத்தும் இடமே பயிற்சிக்குரிய இடம்.

சிகந்திராபாத்திலும் மல்காஜ்கிரியிலும் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் தெலுங்கும், கடைவீதியில் தக்கணி உருதுவும், வகுப்பில் ஆங்கிலமும் இந்தியும் பேசுகின்றனர். இதனை ஒரு தகுதியாக எவரும் எண்ணுவதில்லை, அப்பிள்ளைகளும் எண்ணுவதில்லை. பயிற்சிக்கான விண்ணப்பத்தில் உயிரியல் மதிப்பெண்ணைக் கேட்பது போலவே, "ஒரு பாட்டியிடம் சாரைப்பாம்பைப் பற்றி எந்தெந்த மொழிகளில் விளக்குவீர்?" என்று கேட்கவும் ஓர் இடம் ஒதுக்க வேண்டும்.