கண்ணுக்கும் சாதகம் வேண்டும்

போட்டோப் படம் கலையா, அன்றி வெறும் யந்திர வேலையா என்ற விவகாரம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. சட்டைப் பைதோறும் காமிரா புகுந்துவிட்ட இந்நாளில் அது முன்னிலும் பலமாகவே எழுகிறது. விரல் பட்டால் படம் விழுகிறதே, இதில் பயில்வதற்கு என்ன இருக்கிறது என்று படித்தவர்களே கேட்கின்றனர். கொங்கு நாட்டாருக்கு விடை எளிது. தறியும் யந்திரந்தான். ஆயினும் ஒரே நூலில் இருவர் நெய்த துணிகளைத் தடவிப் பார்த்தே கைத்திறனை எடைபோடுவோர் நம்மிடையே உண்டு. தறிக்குக் கை எப்படியோ காமிராவுக்குக் கண் அப்படி. அந்தக் கண் பழகிப் பழகி வருவதேயன்றிப் பிறவியிலே வருவதன்று.

இதற்குச் சான்று வேண்டுவோர் ஸ்ரீமதி தயானிதா சிங்கின் வரலாற்றைக் கவனிக்கட்டும். 1961இல் டில்லியில் பிறந்த இவர், ஆமதாபாத்திலுள்ள தேசீய டிசைன் கலாசாலையில் மாணவியாயிருந்தபோது தபலா வித்துவான் ஜாகீர் ஹுசேனைப் படமெடுக்கச் சென்றார். ஒரு கச்சேரியோடு அது முடியவில்லை. பல குளிர்காலங்கள் வித்துவான்களோடு ஊர் ஊராகப் பிரயாணம் செய்தார். அவர்களுடைய சாதகத்தையும் ஓய்வையும் உடனிருந்து கண்டார். அதன் பயனாக 1986இல் அவருடைய முதல் புத்தகம் வெளிவந்தது. பின்னர் நியூயார்க் நகரத்துப் போட்டோக் கலாசாலையிலும் பயின்றார். எனினும் தம் முதற் குரு ஜாகீர் ஹுசேனே என்று சொல்லி வந்திருக்கிறார். காமிராவைத் தொட்டுக் கற்பிக்காத ஒருவர் குருவானது எங்ஙனம்? நாள் தவறாத சாதகத்தையும் எடுத்துக்கொண்ட ஒன்றிலே மனத்தை நிறுத்துவதையும் அவரிடமே கற்றார். இதுவே நம் தேசத்துப் பழைய குருகுல மார்க்கம்.

இரண்டாவது பாடத்தை டில்லித் திருநங்கை மோனா அகமது கற்பித்தார். 1989இல் லண்டன் பத்திரிகை ஒன்றிற்காகத் தயானிதா அவரைப் படமெடுத்தார். படம் லண்டனில் வெளிவரும் என்றறிந்ததும், அங்கே உறவினர் கண்ணில் படுமே என்று அஞ்சிய மோனா, பிலிம் சுருளைத் திருப்பிக் கேட்டார். தயானிதா மறுக்காமல் கொடுத்துவிட்டார். அன்று போன சுருளுக்கு ஈடாக வாழ்நாள் நட்பு கிடைத்தது. 2001இல் மோனாவைப் பற்றிய நூலும் பிறந்தது. இதற்கிடையில், இந்தியாவின் வறுமையை மேல்நாட்டுப் பத்திரிகைகளுக்கு எடுத்துக் கொடுக்கும் வேலையையும் அவர் துறந்துவிட்டார். படத்தில் இருப்பவருக்கும் உரிமையுண்டு என்பதை அறிவதும் கலைப் பயிற்சியே என்பது நமது அபிப்பிராயம். 2022இல் ஹாஸல்பிளாட் பரிசு அவரைத் தேடி வந்தது. தென்னாசியாவில் அதைப் பெற்ற முதல்வர் அவரே.

அந்தப் பரிசின் பயன் தமிழ்நாட்டை எட்டியதுதான் நமக்கு மிகுந்த மகிழ்ச்சி தருவது. அதைக் கொண்டு அவர் கிராமிய இந்தியாவின் மக்கள் ஆவணக் காப்பகமான 'பாரி'யோடு சேர்ந்து ஒரு விருதை ஏற்படுத்தினார். முதல் விருது மதுரை ஜவஹர்லால்புரத்து இளைஞர் ஸ்ரீ மு. பழனிகுமாருக்குக் கிடைத்தது. மீன் விற்கும் தாயின் மகனான இவர் இன்ஜினீயரிங் படித்தவர். மலம் அள்ளுவோரின் துயரைக் காட்டிய 'கக்கூஸ்' என்னும் 2017ஆம் ஆண்டு ஆவணப் படத்திற்கு ஒளிப்பதிவு செய்தவர். இராமநாதபுரக் கடலில் பாசி எடுக்கும் பெண்களையும் தம் தாயின் உழைப்பையுமே படமாக்கியவர். உழைப்பாளரின் குழந்தைகளுக்குக் காமிராவும் கற்பிக்கிறார்.

இனி நம் ஊருக்கு வருவோம். கோயமுத்தூருக்குக் காமிரா புதிதன்று. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் இங்கே வெரைட்டி ஹாலைத் திறந்தார். ஜி. டி. நாயுடு 1936இல் லண்டன் சென்று ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படம் பிடித்தார். கஸ்தூரி சீனிவாசனின் பெயரால் அவினாசி சாலையில் கலைக்கூடமும் ஜவுளிக் காட்சிசாலையும் இருக்கின்றன. பம்பும் மோட்டாரும் செய்யப் பிள்ளைகளைப் பயிற்றப் பொருள் கொடுக்க நம் தனவந்தர்கள் தயங்கியதில்லை. பவானி ஜமக்காளம் நெய்பவரின் மகளோ, வால்பாறைத் தேயிலைத் தொழிலாளியின் மகனோ காமிராவோடு ஐந்தாறு ஆண்டு சாதகம் செய்ய விரும்பினால், அவ்வளவு காலம் சோறு போடுவது யார்? பரிசு பிற்பாடு வரும்; பயிலும் காலத்துப் பசியோ இன்றைக்கே வருகிறது.

ஆலைக்காரர்களும் கல்லூரிகளும் ஆண்டுதோறும் சிலருக்காவது இந்தச் செலவை ஏற்க வேண்டும். அவர்களுடைய படங்களை விலை கொடுத்து வாங்க வேண்டும். ஜனங்கள் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும். சாயத்தால் கெட்ட நொய்யலைக் காட்டினால் ஊருக்கு அவமானம் என்று சிலர் முணுமுணுக்கலாம். அவமானம் ஆற்றில் இருக்கிறதேயன்றிப் படத்தில் இல்லை. நம் ஊரின் உண்மையை நம் பிள்ளைகளே பார்த்துச் சொல்லட்டும். அதற்கான பொருளுதவியை இந்த ஆண்டே தொடங்குமாறு கோயமுத்தூர்ப் பிரமுகர்களை வேண்டுகிறோம்.