காலடிச் சூடு சொல்லும் செய்தி



ஆகஸ்டு 29-இல் வேளாங்கண்ணியில் கொடியேறும். செப்டம்பர் 8 அன்னையின் பிறந்தநாள் பெருவிழா. அந்நாட்களில் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பகுதிப் பங்குகளிலிருந்து நடந்து செல்வோர் ஒருபுறம், குடும்பத்தோடு காரில் செல்வோர் மறுபுறம். புறப்படுமுன் பங்குக் குருவானவரிடம் வண்டியை மந்திரித்துக்கொள்வது நம் வழக்கம். நல்ல வழக்கமே. ஆனால் தீர்த்தம் தெளிக்கப்படுவது வண்டியின் மேற்புறத்தில். இம்மாதம் நாம் பேச விரும்புவதோ அதன் அடிப்புறத்தைப் பற்றி.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பழைய கார் ஒன்றை வாங்கி நான்கு ஆண்டுகளாக ஓட்டி வந்தார்கள். பின்னிருக்கையின் இடப்புறம் எப்போதும் பாட்டியாரின் இடம். சில மாதங்களாகவே அவர், "தம்பி, காலடி கொதிக்கிறதடா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முன்னிருக்கையில் அமர்ந்த மகனுக்கு ஒன்றும் தெரியவில்லை. "சென்னை வெயில் அம்மா, யாருக்குத்தான் சுடவில்லை?" என்று சிரித்துவிட்டார். பாட்டியாரும் செருப்பைக் கழற்றாமல் உட்காரப் பழகிக்கொண்டார். பிறகு ஒருநாள், செங்கற்பட்டு வரை போய்வந்த பயணத்தில், பின்னால் இருந்த பேரப்பிள்ளைகள் இருவரும் தலைவலி என்று அழுது, ஒருவன் வாந்தியும் எடுத்தான். அப்போதுதான் வீட்டார் விழித்துக்கொண்டார்கள்.

காரின் உள்ளே சூடு ஏறுவதை நம்மில் பலர் பருவத்தின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். வெயிலின் சூடு கூரையிலும் கண்ணாடியிலும் வரும், மாலையில் தணியும். காலடியில் எழும் சூடு வேறு. அது இரவிலும் இருக்கும், மழையிலும் இருக்கும். அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது மெக்கானிக்கின் வேலை மட்டுமன்று. முதற்பாதி வேலை வண்டியில் உட்காருபவர்களுடையது.

எஞ்சினில் எரிந்த புகை வெளியேறும்போது அதன் வெப்பம், பாரத்தோடு ஓடும் பெட்ரோல் வண்டியில், 600 டிகிரி சென்டிகிரேடையும் தாண்டும். அப்புகை மேனிபோல்டு என்னும் வார்ப்புக் குழாய் வழியாக வெளிவந்து, நீண்ட குழாயில் இருக்கைகளுக்கு அடியிலேயே சென்று, சைலன்சரைக் கடந்து பின்புறம் வெளியேறுகிறது. இதற்கிடையே நிற்பவை மூன்றே: மெல்லிய வெப்பத் தடுப்புத் தகடு, கொஞ்சம் காற்று இடைவெளி, தரைத் தகட்டின் மேல் விரித்த கம்பளம். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் காலடி சுடும்.

பழைய அம்பாசிடர் காலத்துக் குழாய்க்கும் இன்றைய குழாய்க்கும் ஒரு வேறுபாடு உண்டு. 1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கட்டாயமாயிற்று. தேன்கூடு போன்ற உட்புறம் கொண்ட அந்தப் பெட்டி, நச்சுப் புகையை வேதிமாற்றத்தால் தூய்மைப்படுத்துகிறது. அதற்காக அது எப்போதும் கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிளக் ஒன்று சரியாக எரியாவிட்டால், எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் சென்று அங்கே எரிகிறது. அப்போது பெட்டி செந்தணலாகிவிடும். ஜப்பானில் 1970-களின் கார்களிலேயே இதற்கென ஓர் எச்சரிக்கை விளக்கு வைத்தார்கள். அறுவடைக் காலத்தில் நம் மாவட்டச் சாலைகளில் பரப்பிய வைக்கோல் வண்டியின் அடியில் சிக்கித் தீப்பிடிப்பதும் இச்சூட்டினால்தான்.

இனி, நோயாளியைப் பார்க்கும் மருத்துவரைப் போல, வண்டியிடம் சில கேள்விகள் கேட்போம்.

முதற் கேள்வி: எங்கே சுடுகிறது? கம்பளத்தின் மேல் புறங்கையை வைத்து ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பாருங்கள். முன்புறக் காற்றுத் துளைகளில் மட்டும் அனல் வருமானால், அது பெரும்பாலும் புகைக்குழாயின் குற்றமன்று. ஹீட்டரின் கதவோ குழாயோ முழுதும் மூடாமல் நிற்கலாம். நடுவில் கியர் தண்டைச் சுற்றிச் சுடுமானால், கீழே செல்லும் குழாயையும் கன்வர்ட்டரையும், கியரின் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே ஒரு மூலையில் மட்டும் சுடுமானால், அந்த மூலைக்கு நேர் கீழே தகடோ இணைப்போ கெட்டிருக்கிறது என்று ஐயப்படலாம்.

இரண்டாம் கேள்வி: எப்போது சுடுகிறது? ஜி.எஸ்.டி. சாலையில் நெரிசலில் நிற்கும்போது மட்டும் சுட்டு, வண்டி வேகம் பிடித்ததும் தணிந்தால், அடியில் காற்றோட்டமும் தடுப்புத் தகடும் குறைவு என்று பொருள். ஓட ஓடச் சூடு ஏறி, மேம்பாலம் ஏறும்போது வண்டியின் இழுவையும் குறைந்தால், கன்வர்ட்டர் அடைத்திருக்கலாம். அல்லது பிளக் விட்டுவிட்டு எரியலாம். எஞ்சின் வெப்பமுள்ளும் சேர்ந்து ஏறினால், ரேடியேட்டரையும் அதன் விசிறியையும் முதலில் கவனியுங்கள்.

மூன்றாம் கேள்வி காதுக்கும் மூக்குக்கும் உரியது. காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது டிக்டிக் என்று ஓர் ஒலி கேட்டு, சூடேறியதும் மறைந்தால், மேனிபோல்டின் கேஸ்கெட் கசிகிறது என்று ஐயப்படலாம். உலோகம் விரிந்ததும் இடுக்கு மூடிக்கொள்வதால் ஒலி மறைகிறது. கசியும் இடத்தில் கரி படிந்திருக்கும். உள்ளே புகைநெடி வீசினால், அது வெறும் சூட்டின் சங்கதி அன்று. அந்நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது.

நான்காவதாக, அடிப்புறத்தைப் பார்ப்பது. இதை வீட்டு வாசலில் ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பி யாரும் செய்யாதீர்கள். ஜாக்கி நழுவி உயிரிழந்தோர் உண்டு. பட்டறையில் வண்டியை உயர்த்தி, ஆறிய பிறகு பார்க்கச் சொல்லுங்கள். தகடுகள் எல்லாம் இருக்கின்றனவா? குழாயைத் தாங்கும் ரப்பர் வளையம் அறுந்து குழாய் தரையைத் தொடுகிறதா? மாற்றிப் போட்ட குழாய் பழைய வளைவிலேயே செல்கிறதா? துரு எங்கே தின்றிருக்கிறது? பிறகு வண்டியைக் கிளப்பி, வெப்பத்தைத் தொலைவிலிருந்து அளக்கும் கருவியால் ஒவ்வோர் இடமாக அளக்கலாம். 2020-இல் கோயில் வாசலில் நம் நெற்றிக்கு நேரே காட்டினார்களே, அதற்கு உறவான கருவிதான். ஆனால் உடற்சூட்டை அளப்பது இதற்கு உதவாது, பட்டறைக்குரியது வேறு.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எல்லாச் சூடும் பழுது அன்று. 1984 முதல் 2019 வரை விற்பனையான மாருதி வேனில் எஞ்சின் முன்னிருக்கைகளுக்கு அடியிலேயே இருந்தது. பள்ளிப் பிள்ளைகளையும் பாடகர் குழுவையும் சுமந்து அவ்வண்டிகள் பல இன்னும் ஓடுகின்றன. அங்கே இருக்கை வெதுவெதுப்பாக இருப்பது அமைப்பின் விளைவு. ஆனால் இருக்கைக்கடியில் உள்ள மூடியும் அதன் ஓரத்து ரப்பரும் சரியாக அமர்ந்திருக்கின்றனவா என்பதை அடிக்கடி பார்க்க வேண்டும். நேற்று வரை இல்லாத சூடு இன்று வந்தால், அதுவே பழுதின் அடையாளம்.

நாம் முதலிற் சொன்ன குடும்பத்தின் வண்டியில் என்ன கண்டார்கள்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அவ்வண்டி முழங்காலளவு நீரில் நின்றிருந்தது. நீரை வடிக்கத் தரையிலிருந்த ரப்பர் அடைப்பான்களைப் பிடுங்கினார்கள். ஒன்றைத் திரும்ப வைக்க மறந்தார்கள். துரு பிடித்துக் கடகடவென்று ஒலித்த தடுப்புத் தகட்டை ஒரு பட்டறையில், "இது தேவையில்லை" என்று கழற்றி எறிந்தார்கள். ஒலி நின்றதால் வீட்டாரும் மகிழ்ந்தார்கள். பின்னர் குழாயின் இணைப்பில் துரு ஓட்டை இட்டது. அந்த ஓட்டைக்கு மேலே, அடைப்பான் இல்லாத துளை. அந்தத் துளைக்கு மேலே பாட்டியாரின் பாதம். சூடு வந்த வழியாகவே புகையும் வந்தது.

அப்புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தின் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலாக இதைப் பற்றிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், மயக்கம், உறக்கம் என்று அது வரும். பயணக் களைப்பில் பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்று நாம் எண்ணிக்கொண்டிருப்போம். ஏறியபோது இல்லாத தலைவலி வண்டியில் வந்து, இறங்கியதும் தெளிந்தால், அதுவும் பலருக்கு ஒன்றாக வந்தால், களைப்பென்று தள்ளாதீர்கள். உடனே கண்ணாடிகளை இறக்கி, ஓரம் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, எல்லாரையும் வெளியே கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள். காரில் வந்தோம், புகை என்று ஐயப்படுகிறோம் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். கொரோனாக் காலத்தில் வாங்கிய விரல்மாட்டிக் கருவியை நம்பாதீர்கள். இவ்வாயு கலந்த இரத்தத்தையும் அது நல்ல இரத்தமென்றே காட்டிவிடும். மாசுச் சான்றிதழ் இருக்கிறதே என்றும் அமைதி கொள்ளாதீர்கள். அச்சோதனை குழாயின் கடைசியில் வரும் புகையை அளக்குமேயன்றி, நடுவில் உள்ள ஓட்டையைக் காணாது.

இன்னும் சில வார்த்தைகள். காலடி சுடுகிறதென்று மேலும் ஒரு விரிப்பையோ தெர்மோகோலையோ போட்டு மறைக்காதீர்கள். காய்ச்சலுக்குப் போர்வை போர்த்தி, காய்ச்சல் நின்றது என்பது போன்றதாகும் அது. மூட்டைகளை ஏற்றிப் பின்கதவைத் திறந்தபடியே கயிற்றால் கட்டி ஓட்டாதீர்கள். ஓடும் வண்டி தன் புகையைத் தானே உள்ளிழுக்கும். வேளாங்கண்ணியில் அறை கிடைக்கவில்லையென்று, கண்ணாடிகளை ஏற்றி, எஞ்சினையும் ஏ.சி.யையும் ஓடவிட்டு வண்டிக்குள் உறங்காதீர்கள். அடைத்த கொட்டகையில் எஞ்சினைக் கிளப்பி வைக்காதீர்கள்.

கொலை செய்யாதே என்னும் ஐந்தாம் கட்டளையை நாம் கத்திக்கும் துப்பாக்கிக்கும் உரியதாகவே நினைக்கிறோம். ஆனால் குடிபோதையாலும் வேக மோகத்தாலும் சாலையில் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்போர் கடுங்குற்றத்துக்கு ஆளாவர் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2290-ஆம் எண்ணில் இக்கட்டளையின் கீழேயே போதிக்கிறது. அறிந்தும் பழுது பாராத அசட்டையும் அதற்குத் தொலைவானதன்று என்று நாம் கருதுகிறோம். நம் வண்டியில் ஏறுகிறவர் தம் உயிரை நம் கையில் ஒப்படைத்து ஏறுகிறார்.

அந்தக் குடும்பத்தில் பழுதுபார்க்கச் செலவு அதிகமாகவில்லை: ஓர் இணைப்பு, ஒரு தகடு, ஒரு ரப்பர் அடைப்பான். அவர்களை வாட்டியது பணமன்று. மாதக்கணக்கில் அன்னை சொன்னதைக் கேளாமற்போனோமே என்பதுதான். வீட்டில் குறையை முதலில் உணர்பவர் பெரும்பாலும் ஓரத்தில் அமர்ந்திருப்பவரே: முதியவர், குழந்தை, நோயாளி. ஓட்டுகிறவருக்கு அது எட்டுவதில்லை. இது காருக்கு மட்டும் பொருந்துவதன்று என்பதை நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இம்முறை வண்டியை மந்திரிக்கக் கொண்டுபோகுமுன், அரைமணி நேரம் ஓட்டிவிட்டு, ஒவ்வோர் இருக்கையிலும் ஒருமுறை நீங்களே அமர்ந்து, தரையில் புறங்கையை வையுங்கள். வீட்டில் மூத்தவரிடம், "உங்களுக்கு அங்கே எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். பதிலைக் கேட்டபின் புறப்படுங்கள். ஆரோக்கிய அன்னை உங்கள் வழித்துணையாய் இருப்பாராக.